தெல்தெனியக் கழுத்து

கண்டி மாநகரில் வாழும் சகல தோலுடையோருக்கும், வத்தேகம, பல்லேகல, தெல்தெனிய முதலான சுற்றூர்களில் தோலுடன் வசிப்போருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: தெற்காசியாவில் இதுவரை எந்தக் கழுத்திலும் கண்டறியப்படாத ஓர் அபூர்வ நோய், நமது மாவட்டத்துப் பிள்ளையொன்றின் கழுத்தில் கண்டறியப்பட்டுவிட்டது. எதிர்வரும் சனிக்கிழமை, வாவிக்கரை ஹோட்டல் ஒன்றின் இரண்டாம் மாடி மண்டபத்தில், மங்கள விளக்கேற்றி, இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவரின் முன்னிலையில், மேற்படி கழுத்து உலகத்துக்கு அறிமுகம் செய்து வைக்கப்படும். மதிய உணவு உண்டு.

இப்படியொரு அறிவித்தலை யாரும் அச்சடிக்கவில்லைதான். ஆனால் தோல் நோய் நிபுணர் டொக்டர் குகதாசன் ஆஸ்பத்திரி நடைவழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போன தோரணையைப் பார்த்தவர்களுக்கு அச்சடித்த தாள் தேவைப்பட்டிருக்காது. அவர் நடந்தால் முன்னால் இரண்டு பேர் கதவு திறக்க வேண்டும். பின்னால் ஆறு பேர் தலையாட்ட வேண்டும். அந்த ஆறு பேரில் கடைசியாக, மற்றவர்களின் முதுகுகளுக்கு இடையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவன்தான் டொக்டர் அமான்.

அமான் குழந்தை வைத்திய நிபுணராவதற்குப் பயிற்சி பெறுகிறவன். பயிற்சியில் ஒரு மாதம் தோல் கிளினிக்கில் நிற்க வேண்டும் என்பது சட்டம். குழந்தை வைத்தியர்களைப் பொறுத்தவரை தோல் என்பது ஊசி ஏற்றும்போது குறுக்கே வரும் ஒரு பொருள். அதற்கென்று தனியே நோய்கள் உண்டு என்பதை அமானும் கேள்விப்பட்டிருந்தான். வெள்ளைக் களிம்பு பூசினால் போகிறவை, பூசினாலும் போகாதவை என்று அவற்றை அவன் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். இத்தனை நாளும் அந்தப் பிரிப்பு அவனைக் கைவிடவில்லை.

குகதாசனின் கிளினிக்கில் அது செல்லாது. அங்கே நோயைத் தொடக்கூடாது. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு வர்ணிக்க வேண்டும். நிறம், ஓரம், மேற்பரப்பு, பரவல் என்று வரிசையாக வர்ணித்து முடித்த பிறகே பெயர் சொல்லும் உரிமை வரும். அதுவும் அவருக்கு மட்டும் வரும். முதல் நாளே அமான் ஒரு குழந்தையின் முழங்கையைத் தடவிப் பார்க்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"தொடாதையும் ஐசே. தடவிப் பாக்கிறது மாடு வாங்கிறவன்ர வேலை. நீர் நிண்டு பாரும். பாத்திட்டுச் சொல்லும்."

அன்றிலிருந்து ஆறு பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் நகையைப் பார்க்க வந்தவர்கள் போலக் குழந்தைகளைச் சுற்றி நின்று வர்ணித்தார்கள். வர்ணனையில் போட்டி முற்றி, ஒரு வேர்க்குருவுக்கு ஒருவன் ஒன்பது அடைமொழி வைத்தான். வேர்க்குரு அதற்குள் அமிழ்ந்து போனது.

அந்த நேரத்தில்தான் தெல்தெனியவிலிருந்து லோஜினி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லோஜினி பல்லேகல தைத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். மகள் சிந்துஜாவுக்கு ஒன்பது வயது. பிள்ளையின் பிடரியிலும் கழுத்தின் இரண்டு பக்கங்களிலும் மண்ணிறத்தில் படை படையாக ஏதோ படர்ந்திருந்தது. வகுப்பு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, புள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புங்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருந்தாள். பக்கத்துப் பிள்ளைகள் கரிச்சட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். லோஜினி தினமும் குளிப்பாட்டுகிறவள்தான். டீச்சர் சொன்ன ரோஷத்தில் தேங்காய்த் தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துப் பார்த்தாள். பிள்ளை அழுததே தவிர, படை அசையவில்லை. பிறகு ஒட்டும் வருத்தமோ என்று டீச்சருக்குப் பயம் பிடித்து, டொக்டரிடம் காட்டிச் சரியாகும்வரை பள்ளிக்கூடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

குகதாசன் கழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆறு பேரும் அதே ஒழுங்கில் பார்த்தார்கள். ஒருவன் வெல்வெட் என்றான். ஒருத்தி வலைப்பின்னல் என்றாள். அமானின் முறை வந்தபோது நல்ல அடைமொழிகள் எல்லாம் தீர்ந்து போயிருந்ததால், வேறு வழியில்லாமல், காய்ந்து வெடித்த குளத்துச் சேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவைத்தான்.

குகதாசன் திரும்பிப் பார்த்தார். அந்த மாதத்தில் அவர் அமானின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அருமை. இதுதான் வர்ணனை. உம்மட பேர் என்ன?"

சேறு என்ற சொல் அந்த அறையில் அப்படிச் சொல்லப்பட்டது, பாராட்டும் பெற்றது. அதற்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. குகதாசன் இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர்களை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு நோயின் பெயரைச் சொன்னார். ஆறு பேரும் அதைத் தாங்களும் நினைத்திருந்த பாவனையில் மூச்சு விட்டார்கள். இது சாதாரண வகை அல்ல, இந்த வயதில், இந்த வடிவில், தெற்காசியாவிலேயே முதலாவது என்று அவர் தொடர்ந்தார். தெற்காசியா முழுவதையும் எப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

லோஜினி ஒன்று மட்டும் கேட்டாள், இதற்கு என்ன மருந்து என்று. மருந்து பிறகு, முதலில் மகாநாடு என்று பதில் வந்தது. அதுவரை கழுத்தில் தண்ணீர் படக்கூடாது, சவர்க்காரம் போடக்கூடாது, எண்ணெய், களிம்பு எதுவும் கூடாது. அதாவது ஒரு நிபுணரும் ஆறு டொக்டர்மாரும் கூடி, ஒரு பிள்ளையின் கழுத்தைக் கழுவ வேண்டாம் என்று உத்தரவு போட்டார்கள். ஏழு பேரும் படித்தவர்கள்.

அமானுக்கு அந்தக் கழுத்தில் ஒரு பெரும் பங்கு இருந்தது. பயிற்சி முடிக்க ஒவ்வொருவரும் ஒரு வருடம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்ய வேண்டும். இடத்தை அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும். அமான் எழுதிய மின்னஞ்சல்களுக்கு ஒரு ஊரிலிருந்தும் பதில் வரவில்லை. இப்போது குகதாசனின் பழைய சிநேகிதரான இங்கிலாந்துப் பேராசிரியர் மகாநாட்டுக்கு வருகிறார். கழுத்தைப் பற்றிய படங்களையும் பேச்சையும் தயாரிக்கும் பொறுப்பை குகதாசன் அமானிடம் கொடுத்து, சேறு என்று சொன்ன பிள்ளைக்கு ஒரு வழி பண்ணலாம் என்று கோடி காட்டியிருந்தார். அமானின் உம்மாவுக்கு அந்தக் கோடியே போதுமாக இருந்தது. மகன் லண்டன் போகிற செய்தி வாப்பாவின் துணிக்கடை இருக்கிற தெரு முழுக்கப் பரவி, அக்குறணையிலிருந்து இரண்டு கலியாணப் பேச்சுகளும் வந்துவிட்டன.

"லண்டன்ல குளிர் கூடவாம் மகன். உங்கட வாப்பா இப்பவே ரெண்டு ஸ்வெட்டர் எடுத்து வெச்சீக்கி" என்று உம்மா தொலைபேசியில் சொன்னாள். இங்கிலாந்து முழுவதும் அவளுக்கு லண்டன்தான்.

மகாநாட்டுக்கு முந்திய வியாழக்கிழமை, படம் எடுப்பதற்காக லோஜினியையும் சிந்துஜாவையும் அமான் வரச் சொல்லியிருந்தான். பிள்ளையின் கழுத்து வியர்வையில் பளபளத்தது. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் கெமராவின் வெளிச்சம் பட்டு வெள்ளையாக எரிந்தது. நிபுணர்கள் கண்ணால் பார்ப்பவர்கள். ஆனால் குழந்தை வைத்தியர்களின் கை வேறு மாதிரிப் பழகியது. வார்டில் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி ஏற்றிய கை, பளபளக்கிற தோலைக் கண்டால் யோசிக்காமல் ஸ்பிரிட் பஞ்சை எடுக்கும். அமானின் கையும் எடுத்தது. காதுக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்தது.

பஞ்சு கபில நிறமானது.

கழுத்தில், ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு, சிந்துஜாவின் சொந்த நிறத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

அமான் பஞ்சைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். தெற்காசியாவின் முதலாவது நோயாளி தன் காலணியின் பட்டியைக் கழற்றி மாட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

தாயையும் பிள்ளையையும் இருக்க வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய்த் தேடினான். தடித்த புத்தகமொன்றின் கடைசிப் பக்கங்களில் அது இருந்தது. சுத்தமாகக் குளிக்கிற பிள்ளைகளுக்கும் வரும், உதிர வேண்டிய தோல் உதிராமல் அழுக்கோடு சேர்ந்து இறுகிவிடும், சவர்க்காரத்துக்கு அசையாது, ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் போய்விடும். அவ்வளவுதான். மொத்தமே ஒரு பந்தி. வைத்தியத்துக்கு ஒதுக்கியிருந்தது ஒரு வரி.

நேரே குகதாசனின் அறைக்குப் போனான். அவனுடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாக இது ஒன்று பதியப்படட்டும்: சொல்வதற்குத்தான் போனான்.

குகதாசன் ஹோட்டல்காரனோடு குத்துவிளக்கின் உயரம் பற்றித் தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். விளக்கு தம்மை விடக் குள்ளமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வைத்துவிட்டு அமானை நிமிர்ந்து பார்த்தார்.

"உம்மைப் பற்றிப் பேராசிரியரோட கதைச்சிட்டன். ஓம், நல்லாச் சொல்லியிருக்கிறன். சனிக்கிழமை நீர் சொதப்பாட்டிச் சரி. கழுத்துக்கு என்ன, ஒண்டும் ஆகேல்லையே?"

அமானின் வாய் திறந்தது. பஞ்சு, ஸ்பிரிட், ஒரு வரி வைத்தியம், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் இரண்டு ஸ்வெட்டரும் நின்றன.

"கழுத்து பத்திரமா ஈக்கி சேர்" என்றான்.

திரும்பி வந்தபோது லோஜினி பிள்ளையின் காதுக்குக் கீழே இருந்த ஜன்னலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டொக்டர், இங்கன மட்டும் போயிருச்சிங்களே. நீங்க என்னா செஞ்சீங்க?"

அது ஒரு சோதனை என்று அமான் சொன்னான்.

"அப்ப அந்தச் சோதனைய முழுசா செஞ்சிருங்களேன். புள்ள திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போயிரும்."

அப்படியெல்லாம் செய்ய முடியாது, எதற்கும் ஒரு முறை உண்டு, சனிக்கிழமை பெரிய டொக்டர்மார் பார்த்த பிறகுதான் வைத்தியம் என்று அமான் விளக்கினான். குரலில் குகதாசன் வந்து உட்கார்ந்திருப்பதை அவனே கவனித்தான். கொஞ்சம் பிடித்தும் இருந்தது. சனிக்கிழமைவரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அன்றைக்குத் தலைமுடியை அந்தப் பக்கமாகச் சரித்துக் கட்டி, காதுக்குக் கீழே மறைகிற மாதிரி ஒரு ரிப்பனும் வைக்கச் சொன்னான். கையில் தீர்வு ஒரு போத்தல் நிறைய இருந்தது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினான். பிள்ளையின் கழுத்தா தன் கழுத்தா என்று வந்தபோது, படித்த பிள்ளை தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் குகதாசனைவிடக் குள்ளமான விளக்கு எரிந்தது. விளக்கேற்றப் பன்னிரண்டு பேர் அழைக்கப்பட்டு, திரி ஒன்பதுதான் என்பதால் மூன்று பேர் எரிகிற திரியையே மறுபடி ஏற்றினார்கள். பேராசிரியர் முன்வரிசையில், உயரமாக, சிவப்பாக, புன்சிரிப்போடு இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பின்னவலவுக்கு எத்தனை மணிக்குப் புறப்பட்டால் யானைகள் குளிப்பதைப் பார்க்கலாம் என்று பேராசிரியர் அமானிடம் இரண்டு தடவை கேட்டிருந்தார். யானைகளுக்குக் குளிக்க அனுமதி இருந்தது.

குகதாசன் பேசத் தொடங்கினார். அமான் செய்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழுந்தன. கழுத்து நான்கு அடி அகலத்தில் தெரிந்தது. காய்ந்து வெடித்த குளத்துச் சேறு என்ற வர்ணனையை ஆங்கிலத்தில் தன்னுடையதாகவே சொல்லிக்கொண்டார். இந்த நோயாளிக்கு இதுவரை எந்த வைத்தியமும் செய்யப்படவில்லை, நோயின் தூய வடிவத்தை நீங்கள் காணப்போகிறீர்கள் என்று முடித்து, கையை வாசல் பக்கம் நீட்டினார்.

வாசலில் லோஜினி வந்தாள். நீலச் சேலை கட்டியிருந்தாள். சிந்துஜா கொஞ்சம் வெளிறியிருந்தாள். அவர்கள் பக்கமிருந்து ஓடிக்கொலோன் வாசம், ஸ்பிரிட் நெடியோடு, முன்வரிசைவரை வந்தது. அமானின் மூக்குக்கு முதலில் விளங்கியது.

பிள்ளை மேடையில் ஏறி, சொல்லிக்கொடுத்தபடி திரும்பி நின்று, முடியைத் தூக்கிக் காட்டினாள்.

கழுத்து சுத்தமாக இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் மிகச் சாதாரணமான கழுத்து. காதுக்குக் கீழே ரிப்பன் மட்டும் எதையோ மறைக்கிற பாவனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட்டார்கள். குகதாசன் கழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் கதை இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நிபுணர்களின் பழக்கம் தெரியாது. அவர் நெஞ்சை நிமிர்த்தி, இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் என்றார். மருந்தே கொடுக்காமல், தொடாமல், நிபுணரின் தொடர்ந்த கண்காணிப்பினால் மட்டுமே இந்த நோய் தானாக விலகும் என்பதை உலகத்திலேயே முதன்முதலாக இன்று கண்டியில் நிரூபித்திருக்கிறோம் என்றார். தெற்காசியா ஒரே மூச்சில் உலகமாகிவிட்டது. ஒருவர் கைதட்டினார். கைதட்டல் கொட்டாவி மாதிரி, மற்றவர்களுக்கும் தொற்றியது.

பேராசிரியர் எழுந்து, மிக மரியாதையாக, தாயிடம் ஒன்று கேட்கலாமா என்றார். வீட்டில் அவர் என்ன செய்தார்?

மொழிபெயர்க்கும்படி குகதாசன் அமானைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அமான் கேட்டான். லோஜினி அவனைப் பார்த்து, ஒளிவுமறைவில்லாமல், அலுவலகத்தில் முகவரி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"காலையில பஸ்ஸுல வர்றப்ப, திகன தாண்டினதும் வளைவுல புள்ள சத்தி எடுத்திருச்சிங்க. மூஞ்சியத் தொடைக்க லேஞ்சில ஓடிக்கொலோன ஊத்துனேன். கழுத்துலயும் கொஞ்சம் பட்டுச்சி. பட்ட எடம் வெளுத்திருச்சி. அன்னைக்கி ஒங்க பஞ்சுல வந்த அதே வாசந்தானே டொக்டர். அதான் மிச்சத்தையும் நானே தொடச்சிட்டேன். குண்டசாலை வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சி. லேஞ்சி இந்தா இருக்கு, பாருங்க."

அவள் கைப்பையைத் திறந்தாள். அமானின் கை, இந்தத் தடவையும் யோசிக்காமல், பையின் வாயைப் பொத்தியது. தமிழ் தெரிந்த மூன்று நான்கு டொக்டர்மார் நிகழ்ச்சி நிரலைத் திடீரென்று ஊன்றிப் படித்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். குகதாசனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் கூரையைப் பார்த்தார்.

அமான் ஆங்கிலத்தில் சொன்னான்: டொக்டர் சொன்னபடியே நடந்ததாகத் தாய் சொல்கிறார். ஒன்றுமே செய்யவில்லையாம்.

இரண்டாவது கைதட்டல் முதலாவதைவிடப் பெரிது.

வெளியே, சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கியிருந்த நடைவழியில், லோஜினி அவனைப் பிடித்தாள். அவள் சத்தம் போடவில்லை. அது அமானுக்கு இன்னும் வசதிக் குறைவாக இருந்தது.

"நான் அம்புட்டுப் பேசுனேன். நீங்க இம்புட்டுத்தான் சொன்னீங்க. இங்கிலீசுல அவ்வளவு கொறைஞ்சிருங்களா?"

ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் சொல்வார்கள் என்றான் அமான்.

"சரிங்க. வியாழக்கெழமையே தொடச்சி விட்டிருக்கலாம்ல?"

அமான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவளும் அதைப் பார்த்தாள், அதில் பதில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவளாக. பிறகு பையிலிருந்து ஓடிக்கொலோன் போத்தலை எடுத்தாள். அரைவாசி மிச்சமிருந்தது. அதை அவன் கையில் வைத்தாள்.

"வச்சிக்கிங்க டொக்டர். அடுத்த புள்ள வந்தா ஒதவும். பெரிய டொக்டருக்கும் கொஞ்சம் குடுங்க."

சிந்துஜா எச்சிலைத் தொட்டுக் கழுத்தில் தேய்த்து, இனிமேலும் வெளுக்குமா என்று பரீட்சித்துக்கொண்டிருந்தாள். தாய் அவள் கையைத் தட்டிவிட்டு, சாப்பிடாமலே பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் கழுத்தைப் பார்த்துவிட்டு, நான் அப்பவே சொன்னேன்ல என்றாளாம்.

பேராசிரியரையும் மனைவியையும் பின்னவலவுக்குக் கூட்டிப்போகும் பாக்கியம் அமானுக்குக் கிடைத்தது. வாப்பாவின் கடை வேனைக் கழுவி, பின் சீட்டிலிருந்த துணிச் சுருள்களை இறக்கிவிட்டுக் கொண்டுவந்தான். போகிற வழியெல்லாம் அந்த மனிதர் கண்காணிப்பினால் குணமான கழுத்தைப் பாராட்டிக்கொண்டே வந்தார். கடுகண்ணாவை மலை இறக்கத்தில் அமான் தைரியத்தைச் சேர்த்து, தொண்டையைச் செருமி, அவருடைய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் ஒரு வருட இடம் பற்றிப் பணிவாகக் கேட்டான். பேராசிரியர் அவன் தோளில் அன்பாகத் தட்டினார்.

அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியிருந்தது.